தகுந்த தண்டனை இங்கே டைப் செய்து தரப்படும்

தப்பு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே எழுத்துருவில், ஒரே பணிவோடு பதில் அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். சித்தூரில் ஆபீஸ்கள் இருக்கும் தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் எனக்கு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் உண்டு. மாவட்டத்தைப் பிரித்தபோது என் வாடிக்கையாளர்களையும் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் செவ்வாயும் வெள்ளியும் திருப்பதியில் இன்னொரு கடை, இன்னொரு மேசை. மேலதிகாரியிடம் மெமோ வாங்கியவர்கள் என்னைத் தேடி வருவார்கள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள், அவர்களை ஏன் மன்னிக்க வேண்டும் என்பதை நான் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். ஆபீஸ் தெலுங்கில் இதற்கு சஞ்சாயிஷி என்று பெயர். விளக்கம் என்று தமிழில் சொன்னால் அந்த நடுக்கம் வருவதில்லை.

மெமோ வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், முதல் பத்தியை யாரும் படிப்பதில்லை. கண் நேராகக் கடைசி வரிக்குத்தான் போகும். உங்களுக்கு ஏன் 'கண்டைன்' தண்டனை தரக் கூடாது என்று பத்து நாளுக்குள் விளக்கவும் என்று அங்கே இருக்கும். இந்தக் கண்டைன் (condign) ஒரு விசித்திரமான இங்கிலீஷ் வார்த்தை. டீக்கடையில், பஸ்ஸில், சினிமாவில் எங்கேயும் காதில் விழாது. தண்டனை என்ற வார்த்தைக்கு முன்னால் மட்டும் வந்து நிற்கும். இந்த ஒரு வார்த்தையால் சுகுணா என்கிற ஹாஸ்டல் சமையல்காரம்மாவுக்கு வேலை போக இருந்தது. அதில் என் கையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எனக்கும் அந்த வார்த்தைக்கும் எப்படிப் பழக்கம் ஏற்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ரொம்பக் கெட்டவள் என்று நினைப்பீர்கள்.

பழைய ஃபைல்

இந்த மேசைக்கு வருவதற்கு முன் இருபத்தாறு வருஷம் ஓர் ஆபீஸில், ஒழுங்கு நடவடிக்கை செக்‌ஷனில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே புதிதாக ஒரு மெமோ எழுத வேண்டும் என்றால் பழைய ஃபைல் ஒன்றை எடுப்போம். பெயரையும் தேதியையும் குற்றத்தையும் மாற்றுவோம். கடைசி வரியை மட்டும் யாரும் தொடமாட்டார்கள். அந்தப் பழைய ஃபைலும் அதைவிடப் பழைய ஃபைலிலிருந்து வந்ததுதான். தாய்ப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் சூப்பரிண்டெண்டெண்டிடம் கண்டைன் என்றால் என்ன சார் என்று கேட்டேன். அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமலே கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது அவருடைய பேனா மெதுவாகப் போனதிலேயே தெரிந்தது. ஆனாலும் அதிகாரி என்றால் ஒரு பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அவர் சொன்ன பதிலோடு நானும் திருப்தியாகி, இருபத்தாறு வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு அந்த வார்த்தையை அடித்தேன்.

"அர்த்தம் எதுக்கும்மா? வாங்கறவன் பயப்படணும், அவ்ளோதான்."

பாகாலாக்காரர்

வேலையை விட்டு இந்த மேசைக்கு வந்த பிறகு, பாகாலாவிலிருந்து ஒருவர் வந்தார். கால்நடை ஆஸ்பத்திரி ஒன்றில் அட்டெண்டர். மெமோவை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். பிரித்தபோது மடிப்புகள் கிழிந்து, அந்த ஓட்டைகளில் காற்று போனது. அவர் செய்த தப்பு சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. தடுப்பூசி மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனைச் சார்ஜ் போட்டிருக்கிறார். சார்ஜ் ஏறியதும் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிளக்கைத் திரும்ப மாட்டவில்லை. மறுநாள் லீவு. மருந்து பாழ்.

கரண்டு போய்விட்டது என்று எழுதுங்கள் என்றார். நானும் எழுத ஆரம்பித்தேன். அப்போது, அந்தக் கடைசி வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். வீட்டில் பெரிய மகன் ஜெயில் என்றானாம். மச்சான் டிஸ்மிஸ் என்றாராம். பெண்டாட்டி யாரையும் கேட்காமலே அழ ஆரம்பித்துவிட்டாளாம். மூன்று நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, போனில் அகராதியைத் திறந்தேன்.

தகுந்த என்று போட்டிருந்தது. செய்த குற்றத்துக்கு அளவாக, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் பொருந்துகிற என்று விளக்கம். அந்தக் காலத்தில் தகுந்த பாராட்டுக்கும் இதே வார்த்தையைச் சொல்வார்களாம். பிறகு பாராட்டு கழன்றுகொண்டது, தண்டனை மட்டும் ஒட்டிக்கொண்டது. நான் அதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கிழிந்த மெமோவை மறுபடி எட்டாக மடித்தார்.

"தகுந்ததுதானா? இத்த மொதல்லியே சொல்லியிருந்தா நான் எதுக்கு மேடம் பொய்யி சொல்லப் போறன்?"

மாம்பழ சீசன்

அன்றைக்கு அவருக்கு உண்மையையே எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் வந்தாலும், நீங்கள் அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தால் இந்தத் தப்புக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பேன். அவர்கள் சொல்வதையே பதிலின் கடைசியில், தகுந்ததாக நான் கருதுவது இது என்று சேர்த்துவிடுவேன். பல அதிகாரிகள் அதையே எடுத்துக்கொண்டார்கள். யோசிக்கிற வேலை மிச்சம் அவர்களுக்கு. எனக்குக் கொஞ்சம் பெயர் வந்தது. பெயர் வந்தால் தலையில் என்ன ஏறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மாம்பழ சீசனில், பழக்கூழ் செய்யும் தனியார் ஃபேக்டரி ஒன்றின் மெமோ வந்தது. பழம் பொறுக்கும் இடத்தில் ஒரு பெண் தலை உறையைக் கழற்றிவிட்டு ஆடி, அதை வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். அதற்கும் கண்டைன் தண்டனையாம். தனியார் கம்பெனிக்கு இந்த வார்த்தை எப்படிப் போனது என்று எனக்கு ஆச்சரியம். இரண்டு நாள் கழித்து மெமோ அனுப்பிய ஹெச்.ஆர். பையனே ஏதோ ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தான். பார்க்க நல்ல பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை. தம்பி, இதற்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்று சொல்ல அவன் கூச்சப்படவே இல்லை.

"டெம்ப்ளேட்ல இருந்தது மேடம். அது இல்லன்னா மெமோ மாதிரியே இல்ல."

தளிகைக்காரர்

திருப்பதி மேசைக்கு வந்தவர்களில் ஒருவரை மறக்க முடியாது. ஒரு சின்னக் கோயிலின் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர், பெருமாளுக்குச் சமைக்கிறவர். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருமண். புளியோதரையில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். அது பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, ஜனங்களுக்கும் கொடுத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. கோயிலை நடத்துகிறவர்கள் மெமோ கொடுத்துவிட்டார்கள்.

என் கேள்வியைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஏழு நாள் நான் மடைப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது, வாசலில் நின்று மற்றவர் தளிகை பண்ணுவதைப் பார்க்க வேண்டும் என்றார். லீவு கிடைக்காதா என்று ஏங்கும் ஊரில், ஏழு நாள் லீவைத் தண்டனை என்று சொல்கிற ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். அப்படியே எழுதினேன். கோயில்காரர்கள் அவர்மேல் இரக்கப்பட்டு, ஏழு நாள் எல்லாம் வேண்டாம், இனிமேல் கவனமாக இருங்கள் என்று ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, தகராறுக்கு வருகிற முகத்தோடு என்னிடம் வந்தார்.

"இதுல எனக்கு என்ன தண்டனை இருக்கு சொல்லுங்கோ? உப்பு அப்படியே நாக்குலதானே நிக்கறது?"

கார்வேட்டிநகரத்து அர்ஜி

மெமோவுக்குப் பதில் எழுதுவது மட்டும் என் வேலை இல்லை. புகார் அர்ஜி எழுதுவதும் இதே மேசைதான், இதே கீபோர்டுதான். ஒரு மழைக்காலத்தில் முனிரத்தினம் என்ற விவசாயி கார்வேட்டிநகரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். அவருடைய மகள் ஜூனியர் காலேஜில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள், இங்கே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று பஸ் லேட். ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். பெண் வந்து சேர்ந்தது ஆறரைக்கு. கேட் சாவி சமையல்காரம்மாவிடம் இருக்கும். அந்தம்மா திறக்கவில்லை. வார்டன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது, போய்ச் சீட்டு வாங்கிக்கொண்டு வா என்று கம்பிக்கு உள்ளே நின்றே சொல்லிவிட்டாள். மழையில் ஓடிய பெண், சாக்கடை மூடிய கல் புரண்டு விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

முனிரத்தினம் கத்தவில்லை. கத்துகிறவர்களுக்கு எழுதுவது சுலபம். இவர் அந்தக் கல்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் திரும்பத் திரும்பச் சொன்னார். தெலுங்கில் எழுதட்டுமா என்றேனா என்றால், இல்லை. இங்கிலீஷில் கொடுத்தால்தான் மேலே போகும் என்று நானே சொன்னேன். கடைசியில் அந்தம்மாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குள் ஒரு பெருமை. இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்குச் சரியான இடம் இதுதான், அகராதியில் உள்ள அர்த்தத்திலேயே ஒரு மனுஷன் கேட்கிறார் என்று தோன்றியது. கண்டைன் தண்டனை தரும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று அடித்து நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"அந்தம்மா செஞ்சதுக்கு எது நாயமோ அத்த செய்யட்டும்மா, அதுக்கு மேல வேணாம்."

இணைப்பு ஒன்று

ஒரு மாதம் கழித்து, என் மேசைக்கு முன்னால் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். உட்காரச் சொன்னால்கூட உட்காரவில்லை. பெயர் சுகுணா, நகரிப் பக்கம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த ஹாஸ்டல் அடுப்புதான் அவளுக்கு எல்லாம். மெமோவின் கடைசி வரியில் எங்கள் பழைய நண்பர் கண்டைன் இருந்தார். அதற்குக் கீழே, வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்திருக்கிறோம் என்றும் எழுதியிருந்தது. பத்து நாளில் நாலு நாள் ஏற்கெனவே போயிருந்தது. வேலை போனால் படுக்கிற இடமும் போய்விடும், ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறேன் என்றாள்.

பக்கத்தைத் திருப்பினேன். இணைப்பு ஒன்று, புகாரின் நகல். என் எழுத்துரு, என் இடைவெளி, என் வார்த்தை. கீழே முனிரத்தினத்தின் கையெழுத்து. மெமோவிலேயே எழுதியிருந்தார்கள், புகார்தாரரே கண்டைன் தண்டனை கேட்டிருப்பதால் இந்தக் குற்றத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று. இதை அடித்தது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லாரையும் கேட்கிற மாதிரி, நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அவள் நடந்ததைச் சொன்னாள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான் வேறொரு பெண்ணுக்கு ஆறு மணிக்கு மேல் கேட் திறந்ததற்காக வார்டன் திட்டியிருக்கிறாள். இன்னொரு தடவை திறந்தால் நீ வெளியே போக வேண்டியதுதான் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பயத்தில் திறக்கவில்லை. இதை எழுதினாலே அவள் தப்பித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தப்பிக்க மனசில்லை.

"வார்டன் மேல போடாதீங்கக்கா. கம்பிக்கு அந்தாண்ட அது நனஞ்சிக்கினு நின்னுச்சு, இந்தாண்ட நானு சாவியோட நின்னன். வேலய எடுத்துடட்டும்னே எழுதுங்க."

அதிகாரியின் அகராதி

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் என்று முதலில் நினைத்தேன். நாளை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு நானே வக்கீல் ஆனேன். முனிரத்தினம் நியாயமானது என்றார், நான் தகுந்தது என்று எழுதினேன், எழுத்துக்கு எழுத்து சரி, இதில் என் தப்பு எங்கே? எவ்வளவு பேசினாலும் தூக்கம் மட்டும் வரவில்லை. அந்த வார்த்தைக்கு அகராதி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு கொஞ்ச வருஷம்தான் ஆகிறது. ஆபீஸில் அதை எப்படிப் படிப்பார்கள் என்பது எனக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன், என் இங்கிலீஷின் அழகைப் பார்த்துக்கொண்டு.

காலையில் புகாரில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். முனிரத்தினம் அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். நடந்ததைச் சொன்னதும், அந்தம்மா வேலை போக வேண்டும் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டார். அகராதியைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். இரண்டு பேரும் சுகுணாவுக்கு மெமோ கொடுத்த அதிகாரியிடம் போனோம். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார், பழைய டிபார்ட்மென்ட் மரியாதை. சார், அந்த வார்த்தைக்குத் தகுந்த என்றுதான் அர்த்தம், கடுமையான என்று இல்லை என்று சொல்லி, போனை அவர் மேசைமேல் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு போனை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார்.

"அகராதி சரியாத்தான் இருக்கும்மா. ஆனா இந்த ஆபீஸ்ல இத்தினி வருஷமா இந்த வார்த்தைக்கு நாங்க வீட்டுக்குத்தான் அனுப்பிக்கினு இருக்கறோம்."

தெலுங்கில் நாலு வரி

அப்படியானால் நியாயம் என்று நீர் எதைச் சொன்னீர் என்று அதிகாரி முனிரத்தினத்தைக் கேட்டார். முனிரத்தினம் நின்றுகொண்டே யோசித்தார். அவர் இதுவரை அதை யோசித்திருக்கவில்லை என்று தோன்றியது. நியாயம் என்று சொன்னால் படித்தவர்கள் அதை யோசித்துக்கொள்வார்கள் என்று நம்பி என்னிடம் விட்டிருக்கிறார். பிறகு பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகப் பேச ஆரம்பித்தார். பெண்ணுக்குச் சோற்றுக் கையில் கட்டு. பரீட்சை சமயம், ஊருக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது. எழுதுவதற்கு ஆள் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை. மற்ற பெண்கள் காலை அவசரத்தில் பின்னுவதில்லை. முடியை ரப்பர் பேண்டில் முடிந்துகொண்டு அழுதுகொண்டே காலேஜுக்குப் போகிறாள்.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் அந்தம்மாவே தினமும் அவளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்றார். இனிமேல் எந்தப் பிள்ளை லேட்டாக வந்தாலும் கேட்டைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு, அப்புறம் பெற்றவர்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்றார். இதை எந்த விதியின் கீழ் போடுவது என்று அதிகாரி மேசைமேல் பேனாவைத் தட்டினார். பழைய ஃபைல் எதிலும் இது இல்லை. புகாரைத் திருத்தி எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். முனிரத்தினம் என்னை எழுத விடவில்லை. வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, தொடைமேல் காகிதத்தை வைத்து, தெலுங்கில் நாலு வரி தானே எழுதினார். எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. பேனா மட்டும் என்னுடையது. சுகுணாவின் பதிலை நான் எழுதினேன். நடந்தது நடந்தபடி, வார்டன் மிரட்டியதையும் சேர்த்து. அவளும் எல்லாரையும் போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஒரு கண்டனம் அவள் ஃபைலில் ஏறியது, வேலை போகவில்லை. தலை பின்னுவதைப் பற்றி உத்தரவில் ஒரு வரியும் இல்லை. ஆனால் உத்தரவு வருவதற்கு முன்பே, முனிரத்தினம் சொல்லி அனுப்பிய மறுநாள் காலையிலிருந்தே, சுகுணா சீப்போடு போய் நின்றுவிட்டாள். எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"மொத நாளு கழுத்த மரக்கட்டயாட்டம் வெச்சிக்கினு ஒக்காந்துச்சுக்கா, ஒரு பேச்சு இல்ல. எட்டாம் நாளுதான், நல்லா இறுக்கிப் போடு, அவுந்துடுதுன்னு சொல்லிச்சு."

எனக்கு

உத்தரவு வந்த வாரம், சுகுணா ஒரு டப்பாவில் காராமணி வடை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். உங்களால்தான் வேலை நின்றது என்றாள். வடை சூடாக இருந்தது, கையில் எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்தப் புகாரை அடித்தது நான்தான் என்று சொன்னேன். அந்த வார்த்தையைப் போட்டதும் நான்தான், முனிரத்தினம் அவ்வளவு கேட்கவில்லை என்றும் சொன்னேன். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

சுகுணா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் முகம் மட்டும் இறுகியது. முதல் தடவையாக என் எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கையெழுத்துப் போட்டேனே, அதில் என்ன எழுதியிருந்தது, படித்துக் காட்டுங்கள் என்றாள். கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வார்டன் மிரட்டினாள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். வார்டன் மேல போடாதீங்க என்று நான் சொன்னேனே என்றாள். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. அதைத்தானே முனிரத்தினத்துக்கும் செய்தேன் என்று தோன்றி, வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் ஒரு ஆளுடைய பேச்சை என் இஷ்டத்துக்கு வெட்டித் தைத்திருக்கிறேன். இந்தத் தடவை நல்லபடியாக முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மிச்சத்தையும் முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, டப்பாவை என்னிடமே விட்டுவிட்டு எழுந்தாள்.

"வாறவங்க எல்லாருக்கும் இப்பிடியே படிச்சிக் காமிச்சிட்டு அப்பறம் கையெழுத்து கேளுங்கக்கா. நாங்க பேசனது உள்ள இருக்குதான்னு எங்களுக்குத் தெரியணும் இல்ல."

இப்போது தினமும் ஏழெட்டுப் பேருக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தமிழிலோ தெலுங்கிலோ உரக்கப் படித்துக் காட்டுகிறேன். ஆக, தகுந்த தண்டனை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், சாயங்காலம் வீட்டுக்குப் போய் உப்புப் போட்ட வெந்நீரில் தொண்டையைக் கொப்பளிப்பது என்று அகராதி இல்லாமலே சொல்லிவிடுவேன்.